சம்பளம் சென்னையில், ஜாகை மொரீஷியஸில்

உடன்குடிக்காரர்களுக்குக் கடல் கடந்த பிழைப்பு புதிதில்லை. தாத்தா காலத்தில் கொழும்புக் கடைகள், அப்பா காலத்தில் வளைகுடா. இரண்டிலும் வேலை அங்கே, குடும்பம் இங்கே. கரோனாவுக்குப் பிறகு லேப்டாப்போடு ஊர் திரும்பிய ஐ.டி. பிள்ளைகளுக்கு இதையே தலைகீழாக்கும் வழி ஒன்று இருக்கிறது. வேலை இங்கேயே இருக்கும். ஆள் மட்டும் ஆப்பிரிக்கத் தீவில் குடியிருக்கலாம்.

அந்தத் தீவு மொரீஷியஸ். 2020 இறுதியில், சுற்றுலாப் பயணிகள் இல்லாமல் ஹோட்டல்கள் வெறிச்சோடிக் கிடந்தபோது, அந்நாட்டு அரசு 'பிரீமியம் விசா'வை அறிவித்தது. ஓராண்டு தங்கலாம், புதுப்பித்தும் கொள்ளலாம். மாத வருமானம் குறைந்தது 1,500 டாலர் இருக்க வேண்டும். நம் கணக்கில் ஏறத்தாழ 1.3 லட்சம் ரூபாய். கூட வரும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் 500 டாலர் கூடுதலாகக் காட்ட வேண்டும். மருத்துவக் காப்பீடும் கட்டாயம். அறிமுகமானபோது விண்ணப்பக் கட்டணம்கூடக் கிடையாது. இதுபோன்ற விதிகள் அடிக்கடி மாறுபவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் அரசுத் தளத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. உள்ளூரில் வேலை பார்க்கக் கூடாது. வருமானம் தீவுக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும். வரலாற்றை நினைத்தால் இது வேடிக்கைதான். 1730களில் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் தமிழ்க் கொத்தனார்களையும் கைவினைஞர்களையும் அங்கே அழைத்துப் போனதே வேலை வாங்கத்தான். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்கள் இறங்கிய போர்ட் லூயிஸ் துறை, 'ஆப்ரவாசி காட்' என்ற பெயரில் 2006இலிருந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

அவர்களின் வாரிசுகள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல்தான். ஆனாலும் தைப்பூசக் காவடிக்கு நாடே விடுமுறை விடுகிறது. ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998இல் புது நோட்டில் தமிழுக்கு மேலே இந்தி ஏறியதும் எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே அரசு திரும்பப் பெற்றது.

நேரமும் தோதானது. சென்னையில் காலை 9 மணி என்றால் அங்கே 7.30. மாலை நாலரைக்கெல்லாம் லேப்டாப்பை மூடிவிட்டுக் கடற்கரைக்குக் கிளம்பிவிடலாம். அமெரிக்க கிளையன்ட் இருந்தால் அந்தக் கனவு பலிக்காது!

மற்ற ஆப்பிரிக்க நாடுகளும் இதே பாதையில் இறங்கியிருக்கின்றன. நமீபியா ஆறு மாதம் தருகிறது. மாதம் 2,000 டாலர் வருமானம் கேட்கிறது. 2024இல் திறந்த தென்னாப்பிரிக்காவின் வாசல் உயரம்: ஆண்டுக்குச் சுமார் 6.5 லட்சம் ராண்ட், அதாவது முப்பது லட்சம் ரூபாய்க்கு மேல்.

வரிதான் சிக்கலான இடம். ஓராண்டில் 183 நாட்களுக்கு மேல் தங்கினால் பிரீமியம் விசாக்காரர்கள் மொரீஷியஸ் வரி வரம்புக்குள் வருவார்கள். அப்போதும் அந்நாட்டுக்குள் கொண்டுவரும் பணத்துக்குத்தான் வரி. வெளிநாட்டு டெபிட், கிரெடிட் கார்டில் செய்யும் செலவு அந்தக் கணக்கில் சேராது. இந்திய வருமான வரி தனிக் கதை. இரு நாடுகளுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தாலும், ஆடிட்டரைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

அதற்கும் முன்னால் எச்.ஆரைக் கேட்க வேண்டும். தகவல் பாதுகாப்பு, வரிச் சிக்கல் என்று பல கம்பெனிகள் வெளிநாட்டிலிருந்து லாகின் செய்யவே விடுவதில்லை. எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு டிக்கெட் போடலாம்.