பொதுப்பணியும் திருச்சபை ஒருமைப்பாடும்

உபதேசம் பிரிக்கும், ஊழியம் இணைக்கும் என்னும் முழக்கம், பேராயர் நாதன் சோடர்ப்ளோம் 1925-இல் ஸ்டாக்ஹோமில் கூட்டிய 'வாழ்வும் பணியும்' மாநாட்டோடு இணைத்துப் பேசப்படுவதாகும். முதல் உலகப் போரில் எதிரெதிர் நின்ற நாடுகளின் திருச்சபைகள் அங்கு ஒருங்கே அமர்ந்தமை சிறிய காரியமன்று. எனினும் 1937-இல் அவ்வியக்கம், உபதேச வேறுபாடுகளை ஆராய்ந்துவந்த 'விசுவாசமும் ஒழுங்கும்' இயக்கத்தோடு இணையத் தீர்மானித்தது. அதன் பயனாக 1948-இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தோன்றியது. எப்பணி, யார் பெயரால், எவ்வதிகாரத்தால் என்னும் வினாக்கள் எழுந்தபின் உபதேசத்தை ஒதுக்கிவைத்தல் இயலாதாயிற்று. அங்ஙனமாயின், பொதுப்பணி ஒருமைப்பாட்டிற்கு எவ்வகையில் துணைநிற்கிறது?

1. திருமறையின் சான்று

கலாத்தியர் 2:9-இல் யாக்கோபும் கேபாவும் யோவானும் பவுலுக்கு ஐக்கியத்தின் வலதுகையைக் கொடுக்கின்றனர். அடுத்த வசனத்திலேயே ஏழைகளை நினைக்கவேண்டுமென்னும் ஒரே வேண்டுகோள் வருகிறது. பிற்காலத்தில் பவுல் மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கை இதனோடு தொடர்புடையது. ரோமர் 15:26-இலும் 2 கொரிந்தியர் 8:4-இலும் அக்காணிக்கையைக் குறிக்கப் பவுல் கையாளும் கிரேக்கச் சொல் 'கொய்னோனியா' ஆகும். 1 கொரிந்தியர் 10:16-இல் கிறிஸ்துவின் இரத்தத்தின் ஐக்கியம் என்னுமிடத்தும் அதே சொல்லே நிற்கிறது. காணிக்கைத் தட்டும் திருவிருந்துப் பாத்திரமும் பவுலுக்கு ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன.

தம் ஊழியத்தைப் பரிசுத்தவான்கள் ஏற்றுக்கொள்வார்களோ என்னும் ஐயம் அவருக்கு இருந்தது (ரோமர் 15:31). யூதர் புறஜாதியாரின் பணத்தை ஏற்பது அவர்களையே சகோதரராக ஏற்பதாகும். ஆகையால் அக்காணிக்கை வெறும் நிவாரணநிதி அன்று. சபை ஒன்றே என்பதன் அறிக்கையாகும்.

2. பிரிவினையைக் காக்கும் ஒத்துழைப்பு

ஆயினும் ஒத்துழைப்பு யாவும் ஒருமைப்பாட்டிற்கு வழிகோலும் என்பதற்கில்லை. தென்னிந்திய மிஷன்கள் ஒன்றோடொன்று போட்டியிடாதிருக்கும்பொருட்டு எல்லைகளைப் பங்கிட்டுக்கொண்டன. திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சங்கங்களும், மதுரையில் அமெரிக்க மிஷனும், தென்திருவிதாங்கூரில் லண்டன் மிஷனும் பணியாற்றின. அது நல்லெண்ணத்தில் விளைந்த ஏற்பாடே. ஆனால் ஒருவர் எச்சபையார் என்பதை அவருடைய மனச்சாட்சியன்றி அவர் பிறந்த ஊரே தீர்மானித்தது. பிழைப்புக்காக வேற்றூர் சென்றபோதுதான் அதன் விளைவு தெரிந்தது. திடப்படுத்தல் பெறாதவரை ஆங்கிலிக்கன் ஒழுங்கு பொதுவாகத் திருவிருந்தில் சேர்ப்பதில்லை. ஒரே மொழியில் ஒரே வேதத்தை வாசித்தவர்கள், தாங்கள் உண்டாக்காத ஐரோப்பியச் சண்டைகளின் பொருட்டுப் பந்தியில் பிரிந்துநின்றனர். எல்லை வகுத்த அவ்வொத்துழைப்பு பூசலைத் தவிர்த்தது, பிரிவினையையோ நிலைப்படுத்தியது.

3. தரங்கம்பாடி காட்டிய வழி

1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய போதகர்களிற் பெரும்பாலோர் இந்தியர். அவர்களுள் முதன்மையானவர் தோர்ணக்கல் பேராயர் வி. எஸ். அசரியா. இந்தியாவுக்கு நற்செய்தி அறிவித்தல் என்னும் பெரும்பணியின் முன் தங்கள் பிரிவினைகள் தங்களை வலுவிழக்கச் செய்கின்றன என்பதே அவர்கள் அறிக்கையின் சாரம். பணியின் அளவே பிரிவினையின் பாவத்தை வெளிப்படுத்திற்று. 1927-இல் லோசான் மாநாட்டிலும் அசரியா, ஒருமைப்பாடு மேலைநாட்டார்க்கு விரும்பத்தக்க இலட்சியமாயிருக்கலாம், மிஷன் களத்துச் சபைக்கோ அது உயிர்நிலை என்னும் கருத்தை வலியுறுத்தினார்.

எனினும் ஆர்வம் மட்டும் போதியதாயில்லை. பேராயர் பணி, குருத்துவ அபிஷேகம் ஆகியன குறித்து 28 ஆண்டுகள் ஆய்வும் வாதமும் நடந்தன. முன்னரே அபிஷேகம் பெற்ற குருமாரை மறு அபிஷேகமின்றி ஏற்பதென்றும், இனிவரும் அபிஷேகங்கள் பேராயரால் நடைபெறுமென்றும் முடிவாயிற்று. 1947 செப்டம்பர் 27-இல் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கிற்று. அசரியா அதைக் காணவில்லை, 1945-இல் மறைந்தார். நந்தியாலில் ஆங்கிலிக்கரிற் பலர் வெளியே நின்றனர். லுத்தரன் சபைகளும் சேரவில்லை. ஆயினும் அவர்களும் தென்னிந்தியத் திருச்சபையாரும் ஒருங்கே குருமாரைப் பயிற்றுவிக்க 1969-இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி எழுந்தது. இணைப்பு முற்றுப்பெறாதவிடத்தும் பணி காத்திராது என்பதற்கு இது சான்று.

4. நம் கடமை

ஆழ்ந்த நம்பிக்கை வேறுபாடு தடுக்குமிடத்தன்றி மற்றெல்லாவற்றிலும் சபைகள் சேர்ந்தே செயற்படலாகாதா என்னும் வினாவை 1952-இல் லுண்ட் மாநாடு எழுப்பியது. ஒவ்வோர் ஆயரும் தம் வட்டாரத்தில் இவ்வினாவை எழுப்புதல் தகும். நாம் தனித்து நடத்தும் பணிகளுள் எத்தனை உண்மையில் மனச்சாட்சியின் பொருட்டுப் பிரிந்தவை? எத்தனை சொத்து, பதவி, சாதி ஆகியவற்றின் பொருட்டுப் பிரிந்தவை? இணைந்த ஒரே திருச்சபைக்குள்ளும் கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்திருக்குமாயின், 1947-இல் கையொப்பமிட்ட இணைப்பு அவ்வூரை இன்னும் எட்டவில்லை என்றே கொள்ளவேண்டும்.

ஆகவே நாம் தொடங்கும் கூட்டுப்பணியை மூன்று வினாக்களால் சோதித்தல் நலம். நிதி நின்றபின் உறவு நிற்குமா? உதவி பெறுவோர் தீர்மானிக்கும் இடத்திலும் அமர்கின்றனரா? சேர்ந்து உழைப்போர் சேர்ந்து ஜெபிக்கவும் ஒரே பந்தியில் அமரவும் ஏங்குகின்றனரா? அவ்வேக்கத்தை எழுப்பாத கூட்டுப்பணி, எல்லைப் பங்கீட்டின் மறுவடிவமே. பொதுப்பணி ஒருமைப்பாட்டிற்கு மாற்றன்று. பிரிந்திருத்தலைப் பொறுக்கமுடியாததாக ஆக்குவதே அதன் சிறந்த தொண்டு.