வேட்களத்தில் இருந்தும்...

தில்லைக்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தப் பெருமான், அம்மண்ணில் இரவு துயில மனம் ஒப்பாமல், ஊருக்குக் கிழக்கே உள்ள திருவேட்களத்தில் தங்கினார். அங்கிருந்து வந்து வந்து கூத்தப்பெருமானைத் தொழுதார் என்பது வரலாறு. அர்ச்சுனன் தவமிருந்து பாசுபதம் பெற்ற தலம் என்று போற்றப்படும் அந்த வேட்களம், இன்று அண்ணாமலை நகருக்குள் இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அக்கோயிலைக் கடந்து வகுப்புக்குப் போய் வருகிறார்கள்.

அப்படிக் கடந்து போனவர்களில் ஒருவர், சென்ற மாதம் ஒரு விடியற்காலையில் சென்னையிலிருந்து குடும்பத்துடன் காரில் புறப்பட்டார். 1966 முதல் 1969 வரை அங்கே கணிதம் பயின்றவர். இப்போது வயது எழுபத்தாறு. குலதெய்வமான வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பயணம். மகன் வண்டி ஓட்ட, மனைவி, மருமகள், பரதம் கற்கும் பன்னிரண்டு வயதுப் பேத்தி ஆகியோர் உடன் வந்தனர். ஆண்டுதோறும் போகும் வழிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் சிதம்பரத்தில் நடராஜர் தரிசனத்தோடு நிறுத்திக்கொண்டு, அண்ணாமலை நகர்ப் பக்கம் திரும்பாமலே போய்விடுவார். இம்முறை புதுச்சேரி, கடலூரைத் தாண்டியதும் அவரே சொன்னார்: “முதல்ல நான் படிச்ச இடத்துக்குப் போயிட்டு, அப்புறம் கோயிலுக்குப் போகலாம்.”

1920இல் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியாகத் தொடங்கி, 1929இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரால் பல்கலைக்கழகமாக வளர்ந்த இடம் அது. சீனிவாச சாஸ்திரியார் துணைவேந்தராக இருந்ததன் நினைவாகச் சாஸ்திரி மண்டபம் இன்றும் நிற்கிறது. அவர் படித்த காலத்தில், ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே மீட்டர் கேஜ் பாதையில் கரிப்புகை கக்கியபடி ரயில் போகும். இப்போது அகலப் பாதையாகிவிட்டது. 2013இல் பல்கலைக்கழகமும் அரசின் பொறுப்புக்கு வந்துவிட்டது. மரங்கள் மட்டும் வளர்ந்திருந்தன. விடுதிக்குள் போக அனுமதி கிடைக்கவில்லை. வாயிலிலேயே நின்றார். மகன் புகைப்படம் எடுக்க முனைந்தபோது, வேண்டாம் என்று கையால் தடுத்தார். அந்த வாயிலில்தான் அவருடைய தாயார் வந்து நின்றிருந்தார்.

இரண்டாம் ஆண்டு மார்கழி. திருவாதிரைக்கு முதல் நாள், தேர் அன்று. கருவறை மூர்த்தியே உற்சவராகவும் எழுந்தருளி வீதி வலம் வருவது தில்லையின் சிறப்பு. ஆனியிலும் மார்கழியிலும் தேரில் வரும் பெருமான், அன்றிரவு ஆயிரங்கால் மண்டபத்தில் தங்கி, விடியுமுன் மகாபிஷேகம் கண்டு, பின்னரே சபைக்குத் திரும்புவார். அதைக் காண்பதற்காக ஊரிலிருந்து ரயிலேறி வந்த தாயார், “ராத்திரி முழுக்க இருந்து அபிஷேகம் பார்த்துட்டுப் போகலாம், நீயும் வா தம்பி” என்று அழைத்தார். மகன், மறுநாள் தேர்வு இருப்பதாகச் சொல்லிவிட்டார். தேர்வு ஏதும் இல்லை. நண்பர்களோடு இரவுக் காட்சிக்குப் போவதாக ஏற்பாடு. அதைவிடவும், கண்டாங்கிப் புடவையும் மஞ்சள் பையுமாக நின்ற தாயாரோடு நண்பர்கள் பார்க்க நடந்து போகக் கூச்சம். பதினெட்டு வயதில் வரும் அந்தக் கூச்சத்தைப் பின்னாளில் நினைத்தால் உடம்பு கூசும்.

தாயார் தனியாகவே போனார். மறுநாள் மாலை, ரயிலுக்குப் போகுமுன் மீண்டும் விடுதிக்கு வந்தார். கீழவீதியில் யாரோ கொடுத்த களியை வாழையிலையில் மடித்து வைத்திருந்தார்; காகிதப் பொட்டலத்தில் திருநீறு. “உனக்கும் சேர்த்துக் கும்பிட்டுட்டேன் தம்பி. பரீட்சை நல்லா எழுதினியா?” என்று கேட்டார். நன்றாக எழுதியதாக அவர் பதில் சொன்னார்.

தாயார் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, ஐம்பது ஆண்டு உடன் வாழ்ந்த மனைவியிடம்கூட. அன்று விடுதி வாயிலில்தான் முதன்முறையாகச் சொன்னார். மனைவி ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “அத்தைக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார். “எப்படி?” “தேர்வுன்னா திருநீறை முதல் நாளே கொடுத்துட்டுப் போயிருப்பாங்க.” இதை அவர் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

திருவேட்களத்தில் பாசுபதேசுவரரை வணங்கிவிட்டுத் தில்லைக்கு வந்தபோது மணி பத்தரை. கீழைக் கோபுர வாயிலில் பேத்தி நின்றுவிட்டாள். வாயிலின் இருபுறச் சுவர்களிலும் நூற்றெட்டுக் கரணங்கள்; நாட்டிய சாத்திர வரிகளும் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. தான் கற்ற நிலைகளைத் தேடி அவள் எண்ணத் தொடங்கிவிட்டாள். அவளை அங்கிருந்து கிளப்புவது எளிதாக இல்லை.

இரண்டாம் காலப் பூசை நடந்துகொண்டிருந்தது. கனகசபையில் படிகலிங்க அபிஷேகம் முடிந்து, மாணிக்கத்தால் ஆன இரத்தின சபாபதிக்கு அபிஷேகம். முன்புறம் காட்டிய தீபத்தைத் தீட்சிதர் பின்புறமாகக் கொண்டுபோனதும், திருமேனி உள்ளிருந்தே ஒளிர்வதுபோல் செக்கச் செவேலென்று சுடர்விட்டது. அடியார்கள் அனைவரும் ஒரே குரலில் எழுப்பிய ஒலியில் பேத்தி திடுக்கிட்டுத் தாத்தாவின் கையைப் பற்றினாள். பிறகு இரகசியத் திரை விலகியது. உருவம் எதுவும் இல்லாத அந்த வெளியில் தொங்கும் பொன் வில்வ மாலைகளை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நடராஜரையும் கோவிந்தராஜரையும் ஒருசேரக் காணும் இடத்தில் நின்று மனைவி கைகூப்பினார்.

பொற்கூரையில் 21,600 ஓடுகள், ஒரு நாளைக்கு மனிதன் விடும் மூச்சின் கணக்கு என்று மகன் சொல்லிக்கொண்டிருந்தபோது பேத்தி குறுக்கிட்டாள். “தாத்தா, அன்னிக்கு என்ன படம் பார்த்தீங்க?”

அவர் சிவகங்கைப் படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தார். நண்பர்கள் மூவரின் பெயர், கொட்டகை வாசலில் வாங்கிய வேர்க்கடலை எல்லாம் நினைவுக்கு வந்தன. படத்தின் பெயர் வரவில்லை.

நடை சாத்தும் நேரமாயிற்று. சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினர். கொத்சில் வழக்கம்போல் காரம் கொஞ்சம் தூக்கல். கொள்ளிடம் பாலத்தைக் கடக்கும்போது அவர் மகனிடம், இவ்வாண்டு மார்கழித் திருவாதிரை என்றைக்கு என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். தேரன்று இரவு தங்குவதற்குக் கீழவீதிப் பக்கமாக ஓர் அறை பார்க்க வேண்டும் என்றார். “எனக்குப் பள்ளிக்கூடம் இருக்குமே” என்றாள் பேத்தி. இருந்தால் என்ன, பார்த்துக்கொள்ளலாம் என்றார் பாட்டி.