எச்சரிக்கை மணி நின்றால் நோய் தீர்ந்ததா?



2010ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, திங்கட்கிழமை. சிங்கப்பூரில் வேலைக்குப் புறப்பட்ட பலர் வழியில் பணம் எடுக்க நின்றார்கள். டிபிஎஸ், பிஓஎஸ்பி ஏடிஎம் இயந்திரங்கள் பணம் தரவில்லை. இணைய வங்கிச் சேவையும் முடங்கிக் கிடந்தது. அதிகாலை 3 மணியளவில் தொடங்கிய இந்தத் தடை ஏறக்குறைய ஏழு மணி நேரம் நீடித்தது.

திருடன் யாரும் புகவில்லை. மின்சாரமும் போகவில்லை. சிறிய பழுது ஒன்றைச் சரிசெய்யப் போன இடத்தில் வந்த வினை இது.

வங்கியின் கணக்கு விவரங்கள் எல்லாம் சேமிப்பகம் என்ற அமைப்பில் இருக்கின்றன. பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து, கேபிள்கள் மூலம் பெரிய கணினியோடு இணைத்திருப்பார்கள். ஒரு பாகம் கெட்டால் இன்னொன்று தாங்கிக்கொள்ளும்படி முக்கியமானவற்றை இரட்டையாக வைப்பார்கள். அதனால் ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது. வெளியில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் உள்ளே பாதுகாப்பு குறைந்துவிட்டது. மாற்று டயரையும் மாட்டிவிட்டு நெடுஞ்சாலையில் ஓடும் காரைப் போன்றது அந்த நிலை. கார் ஓடுகிறது, ஆனால் அடுத்த டயர் வெடித்தால் கதி என்ன? இதை முன்கூட்டியே சொல்வதுதான் கண்காணிப்பு மென்பொருளின் வேலை.

அந்த மென்பொருள் தன் கடமையைச் செய்தது. ஜூலை 3, சனிக்கிழமை காலையிலேயே ஓர் இணைப்பு சீராக இல்லை என்று எச்சரித்தது. பராமரிப்புப் பொறுப்பில் இருந்த ஐபிஎம் நிறுவனத்தின் பொறியாளர் வந்து கேபிளை மாற்றினார். ஆனால் இயந்திரத்திலேயே அமைந்துள்ள பராமரிப்பு முறையைப் பின்பற்றவில்லை. உதவி மையம் சொன்னபடி செய்தார். எச்சரிக்கை நின்றது. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வந்தது. கேபிளைக் கழற்றி மாட்டினார்கள். மீண்டும் வந்தது. இத்தனை நேரமும் சேமிப்பகம் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

திங்கட்கிழமை அதிகாலை 2.58 மணிக்கு அதே தவறான முறையில் மறுபடியும் கேபிளை மாற்றினார்கள். விவரங்களே சிதையும் ஆபத்து எழுந்தது. அவற்றைக் காப்பதற்காகச் சேமிப்பகம் தானே பெரிய கணினியுடன் தொடர்பைத் துண்டித்துக்கொண்டது. வாடிக்கையாளர் விவரங்கள் தப்பின, சேவை படுத்துவிட்டது.

சிங்கப்பூர் நாணய ஆணையம் 2010 ஆகஸ்ட் 4ஆம் தேதி வங்கியைக் கண்டித்தது. ஏறத்தாழ 23 கோடி வெள்ளியைக் கூடுதல் மூலதனமாக ஒதுக்கவும் உத்தரவிட்டது. வேலையை வெளியாரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியாது என்பதே அதன் பொருள்.

நமக்கு இதில் என்ன பாடம்? காய்ச்சல் மாத்திரை போட்டதும் சூடு தணியலாம். மறுநாள் திரும்ப வந்தால், அதே மாத்திரையை விழுங்காமல் இரத்தப் பரிசோதனைக்குப் போகிறோம் அல்லவா? எச்சரிக்கை திரும்பி வந்தால், முதலில் செய்த வைத்தியம் தவறு என்று கொள்ள வேண்டும். இயந்திரம் எழுதிவைக்கும் பதிவுக் குறிப்புகளைப் படித்து, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே கை வைக்க வேண்டும்.

மணி அடிக்காமலே இருப்பது அதைவிட ஆபத்து. 2017 ஜனவரி 31ஆம் தேதி, மென்பொருள் எழுதுவோருக்குச் சேவை வழங்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறான சர்வரில் ஏறக்குறைய 300 கிகாபைட் விவரங்களை அழித்துவிட்டார். நகலைத் தேடினால், அன்றாட நகலெடுப்பு தோல்வியடைந்து கொண்டே இருந்தது அப்போதுதான் தெரிந்தது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை! ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காக எடுத்த நகல் ஒன்றுதான் கைகொடுத்தது.

நம்மில் பலர் கடைக்கணக்கை, கிளினிக் பதிவுகளை, குடும்பப் படங்களைச் சிறிய சேமிப்புப் பெட்டியில் வைத்திருக்கிறோம். அதன் விளக்கு மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறினால், வேலை நடக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். முதலில் வேறோர் இடத்தில் நகல் எடுங்கள், பிறகு பழுதுபாருங்கள். கெட்ட வட்டு எது என்று உறுதி செய்யாமல் எதையும் உருவாதீர்கள். நல்ல வட்டை உருவிவிட்டால் உள்ளதும் போய்விடும். எச்சரிக்கை மின்னஞ்சல் உங்களுக்கு வந்து சேர்கிறதா என்று சோதனைக்கு ஒன்றை அனுப்பிப் பாருங்கள். மாதம் ஒருமுறையாவது நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்.

திறந்து பார்க்காத நகலை நம்பி, உழைத்துச் சேர்த்த கணக்கை ஒப்படைக்கலாமா? இன்று மாலையே ஒரு கோப்பைத் திறந்து பார்த்துவிடுங்கள்.