கால்குலேட்டரில் 472, எக்ஸெல்லில் 427!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் எக்ஸெல்லில் முதலில் போட்டுப் பார்ப்பது ஏதாவது ஒரு பில் கணக்கைத்தான். நான் பில்லிங் சாப்ட்வேர் எழுதும் வேலையில் இருப்பதால் ஒரு கேள்வி அடிக்கடி என்னிடம் வரும். "விண்டோஸ் கால்குலேட்டர் ஒரு தொகை காட்டுகிறது, எக்ஸெல் வேறு தொகை காட்டுகிறதே, எது சரி?"

மௌஸ் 250 ரூபாய், கேபிள் 150 ரூபாய், இரண்டுக்கும் வரி 18 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். வரியோடு சேர்ந்த தொகை வேண்டுமானால் 1.18 ஆல் பெருக்க வேண்டும். கால்குலேட்டரை ஸ்டாண்டர்டு மோடில் வைத்து 250+150*1.18 என வரிசையாகத் தட்டிப் பாருங்கள். 472 வரும். எக்ஸெல்லில் ஒரு செல்லில் =250+150*1.18 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 427 வரும்!

ஸ்டாண்டர்டு மோட், நாம் தட்டத் தட்டவே கணக்கை முடித்துக் கொண்டு போகும். முதலில் 400, பிறகுதான் பெருக்கல். எக்ஸெல்லோ பெருக்கலை முதலில் செய்கிறது. எனவே வரி கேபிளுக்கு மட்டும் போகிறது, மௌஸ் வரியில்லாமல் தப்பி விடுகிறது. (சயின்டிஃபிக் மோடுக்கு மாற்றினால் கால்குலேட்டரும் 427 என்றே சொல்லும்.) உங்களுக்கு நஷ்டம் 45 ரூபாய். ஃபார்முலா அமைப்பில் பிழை இல்லாததால் எக்ஸெல் எந்த எரர் செய்தியும் தராது. 427ம் 472ம் பார்வைக்கு ஒன்று போலவே இருப்பதால் நம் கண்ணும் கண்டுபிடிக்காது.

=(250+150)*1.18 என்பதுதான் சரி. அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள எண், உள்ளே உள்ள ஒவ்வொன்றையும் பெருக்கும். பள்ளியில் பங்கீட்டுப் பண்பு என்று படித்தோமே, அதுதான் இது. =250*1.18+150*1.18 எனப் பிரித்துப் போட்டாலும் 295+177, அதே 472. ஏழு ரூபாய் பேனா 98 வாங்கினால், 700ல் 14 போக 686 என்று மனக்கணக்காகச் சொல்கிறோமே, அதுவும் இதே வித்தைதான். இருபது பொருளுக்கும் ஒரே வரி விகிதம் என்றால் ஆட்டோசம் பட்டனால் கூட்டி, மொத்தத்தை ஒரே முறை பெருக்கினால் போதும்.

ஓரிடத்தில் மட்டும் இந்தப் பண்பு கை கொடுக்காது. 13 ரூபாய் பொருள் மூன்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வரி 2.34. டிக்ரீஸ் டெசிமல் பட்டனை அழுத்திப் பைசாவை மறைத்தால் மூன்று செல்லிலும் 2 தெரியும், கீழே கூட்டுத் தொகையில் 7 தெரியும்! எக்ஸெல் தப்புக் கணக்குப் போடவில்லை. உள்ளே 7.02 இருக்கிறது. ரவுண்ட் ஃபங்ஷன் கொடுத்து ஒவ்வொரு வரியையும் நிஜமாகவே முழு ரூபாயாக்கினால் கூட்டுத் தொகை 6 ஆகிவிடும். நான் எழுதும் புரோகிராம்களில் பொருள்வாரியாகப் பைசாவோடு வைத்து, கூட்டி முடித்த பிறகே ரவுண்ட் செய்கிறேன்.