மகிழடியில் ஒரு சத்தியம்

ஹவாய் மொழியில் 'அலோஹா' என்ற ஒரே சொல் வணக்கத்துக்கும் ஆகும், காதலுக்கும் ஆகும், கடவுளின் அன்புக்கும் ஆகும். நம் தேவாரத்திலும் 'காதல்' என்ற சொல் இறைவன்மேல் வைத்த அன்பைக் குறிக்கிறது, நேயர்களே.

மனிதக் காதலும் இறைக்காதலும் மோதிக்கொண்ட ஊர் நம் திருவொற்றியூர். அங்கே பூத்தொண்டு செய்துவந்த சங்கிலியாரைத் தேவாரம் பாடிய சுந்தரர் மணக்க விரும்பினார். அதற்கு, 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று அவர் சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் தம்மைக் கட்டிப்போடாதிருக்க, அந்த நேரம் மட்டும் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடியில் போய் இருக்கும்படி இறைவனிடம் கேட்டுக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் வந்து, சத்தியத்தை அந்த மகிழடியிலேயே வாங்கச் சொல்லிவிட்டார்! பின்னர் திருவாரூர் வசந்த விழாவின் ஏக்கத்தில் சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், சத்தியத்தை மீறியதால் பார்வை போயிற்று. ஒரு கண் காஞ்சியிலும் மறு கண் ஆரூரிலும் திரும்பக் கிடைத்ததாகச் சொல்கிறது பெரியபுராணம். ஆண்டவனுக்கே தோழர்தான், ஆனாலும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கில் அவருக்கு விலக்குக் கிடைக்கவில்லை.

மாசிப் பெருவிழாவில் திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் இதை நினைவூட்டும் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. தேரடி மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் கோயில் பக்கம்தான். ஒருமுறை போய்ப் பாருங்கள்.