பார்த்தவர்கள் எழுந்து வந்த நாடகம்

1960களின் தொடக்கம். பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதி. நிலமெல்லாம் சில பண்ணையார்களிடம் குவிந்து, உழைப்பவர் கையில் ஒன்றுமில்லாமல் இருந்த வறண்ட பூமி. சாவோ பாவ்லோ நகரத்திலிருந்து ஒரு நாடகக் குழு அங்கே போனது. நிலத்துக்காக நாம் இரத்தம் சிந்த வேண்டும் என்ற கருத்தில் பாடி, துப்பாக்கிகளை உயர்த்திப் பிடித்து நாடகத்தை முடித்தார்கள்.

நாடகம் பார்த்த விர்ஜிலியோ என்ற விவசாயி கண்கலங்கி எழுந்து வந்தார். தங்கள் ஆள் ஒருவரின் நிலத்தைப் பண்ணையாரின் அடியாட்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டு இந்தத் துப்பாக்கிகளோடு எல்லோருமாகப் போய் அவர்களை விரட்டுவோம் என்று அழைத்தார். நடிகர்களுக்கு வியர்த்துவிட்டது. இது நாடகத்துக்குச் செய்த துப்பாக்கி, சுடாது என்றார்கள். பரவாயில்லை, எங்களிடம் நிஜத் துப்பாக்கி இருக்கிறது, நீங்கள் மட்டும் வந்தால் போதும் என்றார் அவர். நாங்கள் நடிகர்கள், விவசாயிகள் அல்ல என்று சொல்லிப் பின்வாங்க வேண்டியதாயிற்று. அப்படியானால் நீங்கள் சிந்தச் சொன்ன இரத்தம் எங்களுடையதுதான், உங்களுடையது அல்ல என்று விர்ஜிலியோ புரிந்துகொண்டார்.

அந்தக் குழுவை நடத்தியவர் அகஸ்தோ போவால். தான் ஏற்கத் துணியாத ஆபத்தை மற்றவர்களுக்கு உபதேசிப்பதில்லை என்று அன்று முடிவு செய்ததாக அவர் பிற்பாடு பல இடங்களில் எழுதினார். சமூக சேவையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறை யோசிக்க வேண்டிய இடம் இது. மேடையில் நின்று அறிவுரை சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். கேட்டவர்தான் மறுநாள் காலையில் பண்ணையாரின் முன்னால் நிற்க வேண்டும்.

1971இல் பிரேசிலின் இராணுவ அரசு போவாலைக் கைது செய்து சித்திரவதை செய்தது. விடுதலையானதும் அவர் நாட்டைவிட்டு அர்ஜென்டினாவுக்குப் போனார். 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தார். அங்கே அவர்கள் செய்த ஒரு பயிற்சி சுவையானது. கேள்வி கேட்டு, அதற்குச் சொல்லால் பதில் வேண்டாம், கேமராவால் படம் எடுத்து வாருங்கள் என்பார்கள். சுரண்டல் என்றால் என்ன என்ற கேள்விக்குப் பலரும் முதலாளியையோ அதிகாரியையோ படம் எடுத்தபோது, ஒரு சிறுவன் சுவரில் அடித்திருந்த ஆணியைப் படம் எடுத்துவந்தான். பெரியவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மற்ற சிறுவர்களுக்கு உடனே புரிந்தது. லிமா நகரத்தில் ஷூ பாலிஷ் போடும் பிள்ளைகள் தொலைவிலிருந்து வருகிறவர்கள். கனமான பெட்டியைத் தினமும் சுமக்க முடியாது. இரவில் அதைக் கடைச்சுவரில் மாட்டிவைக்க அந்த ஆணிக்கு வாடகை கொடுத்தார்கள். அநியாயம் எங்கே இருக்கிறது என்பதை அதில் கிடந்து உழல்பவர்தான் சரியாகக் காட்டுவார்.

பெருவில் அப்போது போவால் செய்துவந்த முறையில், நாடகம் சிக்கலான கட்டத்தில் நிற்கும். பார்ப்பவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே யோசனை சொல்வார்கள். நடிகர்கள் அதை நடித்துக் காட்டுவார்கள். ஒருநாள் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் கதை. கணவன் வீடு கட்டுவதாகச் சொல்லி அவளிடம் பணம் வாங்கிக்கொண்டு, ரசீது என்று காகிதங்களைக் கொடுத்து வந்தான். அவளும் பத்திரமாக வைத்திருந்தாள். ஒருநாள் சண்டை வந்தபோது பக்கத்துவீட்டுப் பெண்ணிடம் படிக்கக் கொடுத்தாள். அத்தனையும் அவனுடைய காதலி எழுதிய கடிதங்கள்! அவன் வீடு திரும்பினால் அவள் என்ன செய்வது?

கூட்டத்திலிருந்த ஓர் அம்மாள், அவனோடு தெளிவாகப் பேச வேண்டும் என்றார். நடிகை அப்படியே நடித்தார். அந்த அம்மாளுக்குத் திருப்தியில்லை. திரும்பத் திரும்ப நடித்தும் அவர் கோபம் ஏறியதே தவிரக் குறையவில்லை. சரி, நீங்களே வந்து காட்டுங்கள் என்றார் போவால். அவர் மேடையேறித் துடைப்பத்தை எடுத்துக் கணவனாக நடித்தவரைச் சாத்திவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். அடிப்பது தீர்வா என்று கேட்காதீர்கள், அது வேறு விவாதம். அவர் மனத்தில் இருந்ததை வேறொருவர் நடித்துக்காட்ட முடியவில்லை என்பதுதான் போவாலுக்குக் கிடைத்த பாடம். பார்வையாளரே மேடையேறும் மன்ற நாடகம் இப்படித்தான் உருவானது.

அது நடக்கும் விதம் எளிது. ஓர் அநியாயத்தைக் காட்டும் சிறு நாடகத்தை முதலில் முழுதாக நடிப்பார்கள். பாதிக்கப்பட்டவர் தோற்றுப்போவதோடு அது முடியும். பிறகு மறுபடி தொடங்குவார்கள். இந்த இடத்தில் அவள் வேறுவிதமாகச் செய்திருக்கலாம் என்று யாருக்குத் தோன்றுகிறதோ அவர் நிறுத்தச் சொல்லி, அந்தப் பாத்திரத்தின் இடத்தில் நின்று செய்து பார்க்கலாம். எதிர்ப்பக்கம் நடிப்பவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நிஜத்தில் அந்த ஆள் எவ்வளவு முரண்டு பிடிப்பாரோ அவ்வளவு பிடிப்பார்கள். நடுவில் நின்று நடத்துபவரை ஜோக்கர் என்கிறார்கள். கோமாளி என்று நினைத்துவிட வேண்டாம். சீட்டுக்கட்டில் எந்த இனத்தையும் சேராத சீட்டைப் போல அவர் எந்தப் பக்கமும் சாயாமல் கேள்வி மட்டும் கேட்பார்.

இதில் முக்கியமான ஒரு கட்டுப்பாடு உண்டு. கொடுமை செய்பவரின் பாத்திரத்தை மாற்றிக்கொள்ள அனுமதிப்பதில்லை. மாமியார் திடீரென்று மனம் திருந்திவிட்டார் என்று நடித்தால் பிரச்சினை மேடையில் தீர்ந்துவிடும், ஊரில் தீராது. இப்படி நடக்க முடியாத தீர்வைச் சொன்னால் ஜோக்கர் கூட்டத்தைப் பார்த்து, இது நம் ஊரில் நடக்குமா, மாயாஜாலமா என்று கேட்பார். பெரும்பாலும் கூட்டமே சிரித்துப் பதில் சொல்லிவிடும்.

நம் நாட்டில் இதை வேரூன்றச் செய்தது மேற்கு வங்காளத்தின் ஜன சம்ஸ்கிருதி. சஞ்சய் கங்குலி 1985இல் சுந்தரவனப் பகுதியில் தொடங்கிய குழு. அதன் நடிகர்களில் பெரும்பாலோர் விவசாயக் கூலிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான். பகலில் வயலில் நிற்பவர்கள் மாலையில் நடிக்கிறார்கள். 'சோனார் மேயே' என்ற அவர்களது நாடகம் ஒரு பெண்ணின் கதை. பிறந்த வீட்டில் வேலை, சந்தைப் பொருளைப் போலப் பெண் பார்ப்பது, வரதட்சணைப் பேரம், புகுந்த வீட்டின் கொடுமை. நம் பக்கம் கைக்கூலி என்போமே, அதே கதைதான்.

இந்த நாடகத்தில் தலையிட எழுந்து வருபவர் தகப்பனிடம், இப்போது கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கலாம். ஊர் என்ன பேசும் என்பார் தகப்பன். அம்மாவைத் துணைக்கு இழுக்கலாம். அம்மாவும் பயந்தவர்தான். இப்படி ஒவ்வொன்றாகத் தோற்கும்போது, அந்தப் பெண் தனியாக நின்றால் எதுவும் நடக்காது, பக்கத்து வீடுகள் பேச வேண்டும் என்பது கூட்டத்துக்கே தெரிய வரும். யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களே முட்டிமோதிக் கண்டது.

ஜன சம்ஸ்கிருதி ஒரு நாடகத்தை ஒருமுறை போட்டுவிட்டுப் போவதில்லை. அதே ஊருக்கு அதே நாடகத்தோடு திரும்ப வருகிறார்கள். முதல்முறை பெண்கள் தயங்குவார்கள். அடுத்தமுறை வருவதற்குள் அந்த நாடகம் குளக்கரையிலும் அடுப்படியிலும் பேசப்பட்டிருக்கும். இந்தக் குழு வேலை செய்த ஊர்களில் கள்ளச்சாராயத்துக்கு எதிராகப் பெண்கள் திரண்டதும் உண்டு. சில அமைப்புகள் நாடகத்தை ஒருநாள் விழாவாக நடத்தி, புகைப்படம் எடுத்துக்கொண்டு வண்டியேறிவிடுகின்றன. அது விர்ஜிலியோ முன்னால் தூக்கிய துப்பாக்கியைப் போன்றது. கணவனின் கொடுமையை எல்லோர் முன்னாலும் நடித்துக் காட்டிய பெண் அன்றிரவு அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவளுக்குத் துணை நிற்க ஊரில் ஆள் இல்லாமல் அவளை மேடையேற்றுவது அவளுக்குச் செய்யும் தீங்கு.

போவால் பிற்காலத்தில் பிரேசிலுக்குத் திரும்பி, 1992இல் ரியோ டி ஜெனீரோ நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மக்கள் நாடகத்தில் கண்ட தீர்வுகளைச் சட்ட வரைவாக மாற்றி நகரசபையில் வைத்தார். அவர் பதவியில் இருந்த நான்கு ஆண்டுகளில் 13 சட்டங்கள் நிறைவேறின. பார்வையற்றவர்களின் நாடகத்திலிருந்து வந்த யோசனை ஒன்றும் அவற்றில் இருந்தது. தெருவோரத் தொலைபேசிக் கூண்டுகள் மேலே குடைபோல் அகன்றும், கீழே வெறும் கம்பமாகவும் இருந்தன. கைத்தடிக்குத் தட்டுப்படாமல் நேரே தலையில் இடித்தன. கூண்டுக்குக் கீழே தரையில் ஒரு மேடு கட்டிவிட்டால் தடி முதலில் அதைத் தொட்டுவிடும். தினமும் தலையில் இடி வாங்கியவர்கள்தான் அதைச் சொன்னார்கள்.