இயற்கைத் தேர்வில் எழுவாய் எது?

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து ஏன் நீண்டிருக்கிறது என்று வகுப்பில் வினவினால், உயரமான மரங்களின் இலைகளைத் தின்பதற்காக அது தன் கழுத்தை நீட்டிக்கொண்டது என்னும் விடை பெரும்பாலும் வரும். தமிழ் வாக்கியம் என்ற அளவில் அவ்விடையில் குறை இல்லை. எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, காரணமும் கூறப்பட்டுள்ளது. எனினும் அறிவியல் நோக்கில் அது பிழையானது. பிரெஞ்சு அறிஞர் லாமார்க் 1809இல் வெளியிட்ட நூலில் கூறிய கருத்தே அது. அதன் பின்னர் வந்த டார்வினும் வாலஸும் காட்டிய விளக்கம் முற்றிலும் வேறானது.

அறிவியலைப் பல ஆண்டுகள் பயின்ற மாணவரும் இப்பிழையைச் செய்வதற்கு அவர்களுடைய கவனக்குறைவு மட்டும் காரணமாகாது. நாம் பயன்படுத்தும் சொற்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே, இயற்கைத் தேர்வு எவ்வாறு நிகழ்கிறது என்பதை முதலில் காண்போம். பின்னர் அதனைத் தமிழில் எவ்வாறு கூறினால் பொருள் பிறழாது என்பதை ஆராய்வோம்.

நம் வட்டாரத்தில் உருவான சிந்தனை

இக்கருத்தின் வரலாற்றில் முக்கியமான ஒரு பகுதி நாம் வாழும் வட்டாரத்திலேயே நிகழ்ந்தது. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854 ஏப்ரலில் சிங்கப்பூர் வந்து இறங்கினார். அவர் செல்வந்தர் அல்லர். பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து விற்றே வாழ்ந்தவர். புக்கிட் தீமாக் காட்டில் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகளைச் சேகரித்ததாகத் தம் பயண நூலில் குறித்துள்ளார். 1862 வரை இத்தீவுகளில் அலைந்து அவர் திரட்டியவை 1,25,660 மாதிரிகள். சரவாக்கில் அவரிடம் பணியில் சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞரின் உழைப்பும் அத்தொகுதியில் அடங்கும்.

ஓரினத்தைச் சேர்ந்த உயிர்கள் பலவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, அவற்றுள் எவ்விரண்டும் முழுதும் ஒத்திருப்பதில்லை என்பது புலனாகும். 1855இல் சரவாக்கில் இருந்தபடி வாலஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வோர் இனமும் தனக்கு நெருங்கிய உறவுடைய முந்தைய இனம் ஒன்று வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்பது அதன் சாரம். ஆனால், எவ்வாறு தோன்றுகிறது என்னும் வினாவுக்கு அப்போது அவரிடம் விடை இல்லை. 1858இல் மொலுக்குத் தீவுகளில் காய்ச்சலுற்றுக் கிடந்தபோது, மக்கள்தொகை பற்றி மால்தஸ் எழுதியது அவருக்கு நினைவுக்கு வந்தது. பிறப்பவை பல, பிழைப்பவை சில. அவ்வாறாயின் எவை பிழைக்கின்றன? இவ்வினாவிலிருந்து பிறந்த விடையை எழுதி அவர் டார்வினுக்கு அனுப்பினார். டார்வினோ அதே முடிவை எட்டிப் பல ஆண்டுகளாக வெளியிடாமல் வைத்திருந்தார். இருவர் எழுத்துகளும் 1858 ஜூலை 1ஆம் நாள் இலண்டன் லின்னேயக் கழகத்தில் ஒருசேர வாசிக்கப்பட்டன. டார்வினின் நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

மூன்று நிபந்தனைகள்

இயற்கைத் தேர்வு நிகழ்வதற்கு மூன்று நிபந்தனைகள் போதும். முதலாவது, ஓரினத்தின் உயிர்களுக்கிடையே வேறுபாடு இருத்தல் வேண்டும். இரண்டாவது, அவ்வேறுபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு மரபுவழி செல்லுதல் வேண்டும். மூன்றாவது, அவ்வேறுபாட்டினால் சில உயிர்கள் மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பிழைத்து, கூடுதலான வழித்தோன்றல்களை விட்டுச் செல்லுதல் வேண்டும். இம்மூன்றும் கூடிய இடத்தில், தலைமுறைதோறும் அக்கூட்டத்தின் தன்மை மாறியே தீரும். எவரும் திட்டமிட வேண்டியதில்லை. எவ்வுயிரும் விரும்ப வேண்டியதில்லை.

இதனைக் கண்முன் நிகழக் கண்டவர்கள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர். கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்னும் சிறு தீவில் 1973 முதல் அவர்கள் ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்து விடுவித்து வந்தனர். 1977இல் அங்கே கடும் வறட்சி ஏற்பட்டது. சிறு விதைகள் விரைவில் தீர்ந்தன. நெருஞ்சி இனச் செடியின் முள் நிறைந்த கடினமான காய்களே எஞ்சின. தடித்த அலகுடைய குருவிகளால் அவற்றை உடைக்க முடிந்தது. மெல்லிய அலகுடையவற்றால் முடியவில்லை. நிலத்தில் இரைதேடும் நடுத்தர ஃபிஞ்சுகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு மடிந்தன. பிழைத்தவற்றின் குஞ்சுகளை மறு ஆண்டு அளந்தபோது, அலகின் சராசரித் தடிப்பு வறட்சிக்கு முந்திய தலைமுறையைவிடச் சுமார் 4 விழுக்காடு கூடியிருந்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். எந்தக் குருவியின் அலகும் வறட்சியைக் கண்டு தடிக்கவில்லை. மெல்லிய அலகோடு பிறந்தது மெல்லிய அலகோடே இறந்தது. மாறியது குருவி அன்று. குருவிக் கூட்டத்தின் சராசரி. 1983இல் பெருமழை பெய்து சிறு விதைகள் மிகுந்தபின், அடுத்த ஆண்டுகளில் சிறிய அலகுடையவையே மேலாகப் பிழைத்தன. நேற்றைய நன்மை நாளைய சுமையாகலாம். இயற்கைத் தேர்வு ஏறிச் செல்லும் ஏணி அன்று என்பதற்கு இதுவே சான்று.

அவ்வாறாயின் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? மரபணுக்கள் படியெடுக்கப்படும்போது நேரும் சிறு பிறழ்வுகளே அதன் ஊற்று. தேவையை அறிந்து அவை நேர்வதில்லை. ஒரே கூட்டம் கடலாலோ மலையாலோ பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவிலும் வெவ்வேறு வேறுபாடுகள் நெடுங்காலம் திரண்டால், ஒரு கட்டத்தில் அவை தம்முள் கூடி இனம் பெருக்க இயலாதனவாகின்றன. அப்போது ஓரினம் ஈரினமாகிறது. சரவாக்கில் வாலஸ் விடையின்றி விட்ட வினாவுக்கு விடை இதுவே.

சொல் தரும் மயக்கம்

இனி நம் சொற்களுக்கு வருவோம். தேர்வு என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர் மனத்தில் எழுவது தேர்வு மண்டபம். அங்கே வினாத்தாள் வகுப்பவர் உண்டு. ஆயத்தம் செய்து வெல்பவர் உண்டு. இயற்கையின் தேர்வில் இவ்விருவரும் இல்லர். கடற்கரையில் அலை கூழாங்கற்களை ஓரிடத்திலும் மணலை வேறோரிடத்திலும் ஒதுக்குகிறது. பிரித்தல் நிகழ்கிறது, பிரிக்கும் எண்ணம் எவருக்கும் இல்லை. இயற்கைத் தேர்வும் அத்தகையதே.

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. தேர்வு என்னும் சொல், தேர்ந்தெடுப்பவர் ஒருவர் இருப்பதாக எண்ண வைக்கிறது என்று 1866இல் வாலஸே டார்வினுக்குக் கடிதம் எழுதினார். அதற்கு மாற்றாக, தகுதியுடையவை பிழைத்தல் என்னும் ஹெர்பர்ட் ஸ்பென்சரின் தொடரைப் பரிந்துரைத்தார். டார்வினும் 1869இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அத்தொடரைச் சேர்த்தார். ஆனால் அது வேறொரு மயக்கத்தை விளைத்தது. தகுதி என்பதை வலிமை என்று கொண்டு, வலியோர் மெலியோரை நசுக்குவது இயற்கை நியதி எனப் பலர் வாதிட்டனர். உயிரியலில் தகுதி என்பது, குறிப்பிட்ட சூழலில் வழித்தோன்றல்களை விட்டுச் செல்லும் வாய்ப்பை மட்டுமே குறிக்கும். அது அறமும் அன்று, பெருமையும் அன்று.

தமிழில் மேலும் ஒரு நுட்பமான இடர் உள்ளது. அது 'கொள்' என்னும் துணைவினை. மாற்றிக்கொண்டது, தகவமைத்துக்கொண்டது, வளர்த்துக்கொண்டது என எழுதும்போது, வினை செய்தவரும் அதன் பயனைப் பெற்றவரும் ஒருவரே என்னும் பொருள் தானாக வந்து சேர்கிறது. நாம் அறியாமலேயே விலங்குக்கு விருப்பத்தையும் முயற்சியையும் கற்பித்துவிடுகிறோம். லாமார்க்கின் கருத்து ஒரு துணைவினையின் வழியே வகுப்பறைக்குள் திரும்பி வருகிறது.

இலங்கைத் தமிழர் பாடநூல்களில் பரிணாமத்தைக் கூர்ப்பு என்று வழங்குவர். தொல்காப்பிய உரியியலில் கூர்ப்பு என்பது, முன்பே உள்ள ஒன்று மிகுதலைக் குறிக்கும் சொல். இல்லாத ஒன்றை முயன்று பெறுதல் என்னும் பொருள் அதில் இல்லை. தடித்த அலகு வறட்சிக்கு முன்பே சில குருவிகளிடம் இருந்தது. வறட்சிக்குப் பின் அது கூட்டத்தில் மிகுந்தது. அந்நிகழ்வுக்கு இச்சொல் எத்துணைப் பொருத்தமாக அமைகிறது! கலைச்சொல்லை மாற்ற வேண்டும் என்று நாம் கூறவில்லை. பழஞ்சொல் ஒன்றின் துணையால் கருத்தைத் தெளிவாக்கலாம் என்றே கூறுகிறோம்.

பிழையின் விலை

இது தேர்வுத்தாளில் இழக்கும் மதிப்பெண்ணோடு முடியும் செய்தி அன்று. நோய்க்கிருமி மருந்துக்குக் கட்டுப்படாதபோது, உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று நம்மிற் பலர் சொல்கிறோம். பழகியது உடம்பு அன்று. கிருமிக் கூட்டத்தில் மருந்தைத் தாங்கும் தன்மையுடைய சில இருக்கலாம். மருந்து மற்றவற்றை அழித்துவிட, அச்சில பிழைத்துப் பெருகுகின்றன. ஏற்ற சூழலில் சில நுண்ணுயிரிகள் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியவை. ஆதலால் தலைமுறைகள் மிக விரைந்து கடக்கின்றன. போதாத அளவில் மருந்து உட்கொண்டால் தாங்குதிறனுடைய கிருமிகள் பெருகும் என்று பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இலேயே தம் நோபெல் உரையில் எச்சரித்தார்.

மாறுவது தம் உடம்பு என்று நம்புபவர், தாம் நுண்ணுயிர்க்கொல்லியைத் தவறாகப் பயன்படுத்தினால் தமக்கு மட்டுமே கேடு என்று எண்ணுவார். மாறுவது கிருமிக் கூட்டம் என்று அறிந்தவரோ, அக்கிருமி அண்டை வீட்டுக் குழந்தையையும் பற்றும் என்பதை உணர்வார். சளிக்காய்ச்சலுக்கு அம்மருந்தைக் கேட்டு வாங்கவும் மாட்டார். எழுவாயைச் சரியாக அறிந்தவரின் நடத்தையும் மாறுகிறது.

ஆகவே ஆசிரியர்கள் ஓர் எளிய பயிற்சியை மேற்கொள்ளலாம். மாணவர் எழுதும் வாக்கியத்தில் விலங்கு எழுவாயாகவும், 'கொண்டது' என்பது பயனிலையின் ஈறாகவும் வந்தால், அவ்வாக்கியத்தைத் திருத்தி எழுதச் செய்யலாம். முன்பு எத்தகைய வேறுபாடுகள் இருந்தன, அவற்றுள் எவை பிழைத்தன, அடுத்த தலைமுறையில் எவை மிகுந்தன என மூன்று வினாக்களை எழுப்பினால் போதும். ஒட்டகச்சிவிங்கி தன் கழுத்தை நீட்டிக்கொண்டது என்னும் வாக்கியம், நீண்ட கழுத்துடையவை மிகுதியாகப் பிழைத்துப் பெருகியதால் தலைமுறைகள் தோறும் கூட்டத்தில் கழுத்தின் நீளம் கூடியது என்றாகும். வாக்கியம் சற்று நீள்கிறது; ஆனால் பொருள் நேராகிறது.